வெள்ளைத் தூளும் இரு தோழிகளும்

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் மலேரியா ஒழிப்பு ஊழியர்கள் பம்பும் வாளியுமாக வீடு வீடாக வருவார்கள். சட்டி பானைகளை வாசலில் எடுத்து வைக்கச் சொல்வார்கள். சுவரில் வெள்ளையாகப் படியும்படி டி.டி.டி. கரைசலை அடிப்பார்கள். வாசல் சுவரில் தேதியை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அன்றிரவு கொசுத் தொல்லை இல்லாமல் நிம்மதியாகத் தூங்கலாம். வீட்டுக்கு வந்த இந்த வெள்ளைத் தூள் பிறகு வயலுக்கும் வந்தது. பி.எச்.சி. தூளும் கூடவே வந்தது. வெறுங்கையால் அள்ளித் தூவியவர்களும் உண்டு.

இந்த மருந்துகளின் மறுபக்கத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னது ஒரு புத்தகம். எழுதியவர் ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. இது பலருக்குத் தெரிந்த செய்தி. பலருக்குத் தெரியாத செய்தி ஒன்றும் உண்டு. அந்தப் புத்தகம் எழுதப்பட்ட ஆண்டுகளில் அவருக்குத் துணையாக நின்றது ஒரு தோழி. அந்தத் தோழி விஞ்ஞானி அல்ல, எழுத்தாளரும் அல்ல. ஒரு குடும்பத் தலைவி. அதைவிட வியப்பு, அந்தப் புத்தகத்தை எழுதுவதில் அந்தத் தோழிக்கு இஷ்டமே இல்லை! அந்த நட்பின் கதையை இந்த வாரம் பார்ப்போம். நம் வயலுக்கும் அதில் சேதி இருக்கிறது.

குடும்ப பாரம் சுமந்தவர்

ரேச்சல் 1907-ம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனாருக்கு 65 ஏக்கர் நிலம் இருந்தது. நிலம் இருந்ததே தவிர, கையில் காசு புரளவில்லை. தாயார் பியானோ வகுப்பு எடுத்தும், வீட்டுப் பொருள்களை விற்றும் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். ரேச்சல் உயிரியல் படித்து 1932-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

அதற்குப் பின் வந்தது சோதனைக் காலம். 1935-ல் தகப்பனார் காலமானார். 1937-ல் அக்காள் இறந்தார். அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் ரேச்சலின் பொறுப்பில் வந்தார்கள். வயதான தாயார், இரண்டு குழந்தைகள், ஒரே சம்பளம். அரசாங்க மீன்வளத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் எழுதினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1941-ல் வந்த முதல் புத்தகம் விலை போகவில்லை. 1951-ல் கடலைப் பற்றி எழுதிய இரண்டாவது புத்தகம் அவரை ஒரே நாளில் பிரபலமாக்கியது. அதன் வருமானத்தைக் கொண்டு மறு ஆண்டே வேலையை விட்டார். மெயின் மாநிலத்தில் சவுத்போர்ட் என்ற தீவில், கடலோரமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிச் சிறு வீடு கட்டத் தொடங்கினார். கோடையில் அங்கே தங்கி எழுதுவது திட்டம்.

புகழ் வந்தது, கூட்டம் வந்தது, பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் இல்லை. வீட்டில் எல்லோரும் அவரை நம்பி இருந்தவர்கள். அவர் சாய்ந்துகொள்ள ஒரு தோள் இல்லை. குடும்பத்தைத் தனி ஆளாகச் சுமக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தத் தனிமை புரியும்.

வரவேற்புக் கடிதம்

அதே தீவில் கோடைதோறும் வந்து தங்கும் குடும்பம் ஒன்று இருந்தது. டோரதி பிரீமன், அவர் கணவர் ஸ்டான்லி. சொந்த ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில். டோரதி 1898-ல் பிறந்தவர். ரேச்சலை விட ஒன்பது வயது மூத்தவர். ஒரே மகன் வளர்ந்து ஆளாகிவிட்டார். வயது முதிர்ந்த தாயாரைக் கவனிக்கும் பொறுப்பு டோரதிக்கு இருந்தது. வீடு, சமையல், நோயாளி என்று நாள் ஓடியது. கணவர் நல்லவர். ஆனாலும் வீட்டில் ஆள் இருந்தால் தனிமை இருக்காது என்று சொல்ல முடியுமா? படித்ததை, ரசித்ததைப் பகிர்ந்துகொள்ள ஒரு பெண் துணை வேண்டும் என்ற ஏக்கம் பல குடும்பங்களில் உள்ளதுதான்.

கடலைப் பற்றிய புத்தகத்தை எழுதிய அம்மாள் தங்கள் தீவிலேயே வீடு கட்டுகிறார் என்று டோரதி கேள்விப்பட்டார். 1952 டிசம்பரில், 'எங்கள் தீவுக்கு வாருங்கள், மகிழ்ச்சி' என்ற கருத்தில் ஒரு கடிதம் போட்டார். அறிமுகம் இல்லாதவர். பதில் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் பதில் வந்தது. 1953 ஜூலையில் இருவரும் நேரில் சந்தித்தார்கள்.

கடல் வற்றும் நேரத்தில் பாறை இடுக்குகளில் தேங்கும் நீரில் சின்னச் சின்ன உயிர்கள் இருக்கும். ரேச்சல் அவற்றை வாளியில் எடுத்து வந்து நுண்ணோக்கியில் காட்டுவார். பார்த்து முடிந்ததும், இருட்டிவிட்டாலும் சரி, டார்ச் விளக்கோடு பாறையில் இறங்கி எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவார். இதையெல்லாம் கண்டு டோரதி மெய்மறந்தார். விஞ்ஞானி, குடும்பத் தலைவி என்ற வித்தியாசம் அங்கே இல்லை. ஒருவர் காட்டினார், மற்றவர் கண்டார்.

தபாலில் வளர்ந்த நட்பு

கோடை முடிந்ததும் இருவரும் அவரவர் ஊர் திரும்பினார்கள். நடுவே நூற்றுக்கணக்கான மைல். நட்பு தபாலில் வளர்ந்தது. 1952 முதல் 1964 வரை ஏறத்தாழ 900 கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. கடிதம் வந்தால் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்பது அவர்கள் வழக்கம். நம் ஊரிலும் ஒருகாலத்தில் அப்படித்தானே! அதனால் ஓர் உறையில் இரண்டு கடிதம் வைப்பார்கள். ஒன்று குடும்பத்துக்கு, உள்ளே இருக்கும் இன்னொன்று தோழிக்கு மட்டும். அந்த உள் கடிதத்துக்கு அவர்கள் வைத்த ரகசியப் பெயர் 'ஆப்பிள்'.

1954 பிப்ரவரியில் எழுதிய ஒரு கடிதத்தில் ரேச்சல் தன் மனதைத் திறந்து வைத்தார். தன்னைத் தனக்காகவே நேசிக்கிற ஒருவர் வேண்டும். எழுத்து வேலையின் நசுக்கும் பாரத்தைப் புரிந்துகொள்கிற ஒருவரும் வேண்டும். இரண்டும் டோரதியிடம் கிடைத்தன என்பது அதன் சாரம். 1955-ல் வெளியான அவருடைய மூன்றாவது புத்தகம் டோரதிக்கும் ஸ்டான்லிக்கும் சமர்ப்பிக்கப்பட்டது.

வானிலிருந்து பெய்த விஷம்

டி.டி.டி.க்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி உண்டென்று 1939-ல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர். அதற்காக 1948-ல் நோபல் பரிசு பெற்றார். போர்க்காலத்தில் பேன் மூலம் பரவிய விஷக்காய்ச்சலை அது தடுத்தது. நம் நாட்டிலும் அதன் நன்மையை மறுக்க முடியாது. 1947-ல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேரைப் பிடித்த மலேரியா, 1960-களின் நடுவில் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது.

வினை எங்கே வந்தது? அமெரிக்காவில் போர் முடிந்ததும் அந்த மருந்தை வயலிலும் காட்டிலும் ஊரிலும் கணக்கு வழக்கில்லாமல் கொட்டத் தொடங்கினார்கள். 1957-ல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் பகுதியில், மர இலைகளைத் தின்னும் ஒரு புழுவை ஒழிக்க அரசாங்கமே விமானத்திலிருந்து டி.டி.டி.யை எண்ணெயில் கலந்து தெளித்தது. தோட்டம், மேய்ச்சல் நிலம், குளம், வீடு எல்லாவற்றின் மேலும் பெய்தது.

அங்கே இன்னும் இரண்டு தோழிகள் இருந்தார்கள். மார்ஜரி ஸ்பாக், மேரி ரிச்சர்ட்ஸ் என்று பெயர். மேரி நோயாளி. மருந்து கலக்காத உணவுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளும். அதற்காகவே இருவரும் ரசாயனம் சேர்க்காமல் காய்கறி பயிரிட்டு வந்தார்கள். அந்தத் தோட்டத்தின் மேலும் விமானம் பறந்தது. இருவரும் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கில் தோற்றார்கள். ஆனால் வழக்குக்காகத் திரட்டிய சாட்சியங்களும் ஆராய்ச்சிக் குறிப்புகளும் வீணாகவில்லை. அவை ரேச்சலின் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

1958 ஜனவரியில் மாசசூசெட்ஸிலிருந்து இன்னொரு பெண் கடிதம் எழுதினார். விமானத்தில் மருந்து தெளித்தபின் தன் வீட்டுத் தோப்பில் பறவைகள் செத்து விழுந்ததை விவரித்திருந்தார். ரேச்சலுக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1945-லேயே டி.டி.டி. பற்றிக் கட்டுரை எழுத ஒரு பத்திரிகையிடம் அனுமதி கேட்டு, அவர்கள் மறுத்துவிட்டார்கள். இப்போது இனிச் சும்மா இருக்க முடியாது என்று முடிவு செய்தார்.

தோழியின் மறுப்பு

டோரதிக்கு இது பிடிக்கவில்லை. கடலையும் அலையையும் அழகாக எழுதும் தோழி, விஷத்தையும் சாவையும் பற்றி எழுதுவானேன் என்று வருந்தினார். வேறு கவலையும் இருந்தது. ரேச்சலின் வீட்டு நிலைமை அப்படி. 1957-ல் அவர் வளர்த்த அக்காள் மகள்களில் ஒருத்தி இறந்துபோனாள். அவளுடைய ஐந்து வயதுப் பையனை ரேச்சல் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். ஐம்பது வயதில் மறுபடியும் ஒரு சிறு குழந்தை. மறுபக்கம் படுக்கையில் தாயார். இதற்கு நடுவே பெரிய பெரிய கம்பெனிகளைப் பகைத்துக்கொள்ள வேண்டுமா? தோழி என்ற முறையில் டோரதி கேட்டதில் தவறு சொல்ல முடியாது.

1958 ஜூனில் ரேச்சல் பதில் எழுதினார். உனக்கு இதில் விருப்பமில்லை என்பதை அறிவேன். ஆனால் தெரிந்ததை வைத்துக்கொண்டு வாய்மூடி இருந்தால் எனக்கு நிம்மதி இராது என்ற கருத்தில் அந்தக் கடிதம் அமைந்தது.

இந்த இடத்தில் பல நட்புகள் முறிந்துவிடும். 'என் பேச்சைக் கேட்கவில்லையா, இனி உன் பாடு' என்று ஒதுங்கிவிடுவார்கள். டோரதி ஒதுங்கவில்லை. புத்தகம் பிடிக்கவில்லை, எழுதுகிற மனுஷியைப் பிடித்திருந்தது. கடிதங்கள் நிற்கவில்லை. 1958 டிசம்பரில் ரேச்சலின் தாயார் இறந்தபோது ஆறுதல் சொன்னதும் அந்தக் கடிதங்கள்தான்.

நோயோடு நடந்த போட்டி

1960-ல் ரேச்சலுக்கு மார்பில் கட்டி கண்டு பெரிய அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்தக் காலத்தில் நோயாளியிடம் உண்மையைச் சொல்லாமல் மறைப்பது வழக்கம். புற்றுநோய் என்பதும் அது பரவிவிட்டது என்பதும் அந்த ஆண்டு இறுதியில்தான் அவருக்குத் தெரிந்தது. கதிர் சிகிச்சையால் உடம்பு தளர்ந்தது. மூட்டு வீங்கி நடக்க முடியவில்லை. கண்ணில் அழற்சி வந்து சில வாரங்கள் படிக்கவும் முடியாமல் போயிற்று.

நோயை அவர் வெளியில் சொல்லவில்லை. சொன்னால், 'தனக்கு நோய் வந்த ஆத்திரத்தில் மருந்துகள் மேல் பழி போடுகிறாள்' என்று எதிரிகள் பேசுவார்கள். சொன்னது மிகச் சிலரிடம். அதில் முக்கியமானவர் டோரதி. அந்த ரகசியத்தை அவர் கடைசி வரை காப்பாற்றினார்.

1962 ஜனவரியில் கையெழுத்துப் பிரதி பத்திரிகைக்குப் போயிற்று. ஓர் இரவு ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து மனமாரப் பாராட்டினார். பையனைத் தூங்க வைத்துவிட்டு, ரேச்சல் தன் அறைக்குப் போய்ப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு இசைத்தட்டைப் போட்டுக் கேட்டார். நான்கு வருஷப் பாரம் அப்போது கண்ணீராக இறங்கியது. யாரிடம் சொல்வது? டோரதிக்குக் கடிதம் எழுதினார். என்னால் ஆனதைச் செய்யாதிருந்தால், பறவையின் பாட்டை இனி மகிழ்ச்சியோடு கேட்க முடியாது என்று முன்பு சொன்னேனே, இப்போது செய்துவிட்டேன் என்ற நிறைவு அதில் தெரிந்தது.

புத்தகம் சொன்னது என்ன?

'மௌன வசந்தம்' 1962 செப்டம்பர் 27-ல் வெளிவந்தது. பனிக்காலம் கழிந்து வசந்தம் வந்தும் குருவிச் சத்தமே கேட்காத ஊரை நினைத்துப் பாருங்கள் என்பது தலைப்பின் பொருள். அதில் சொன்ன இரண்டு உதாரணங்கள் நம் குடியானவர்களுக்கு எளிதில் விளங்கும்.

முதலாவது, மண்புழு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களைத் தாக்கிய நோயைப் பரப்பும் வண்டை ஒழிக்க டி.டி.டி. அடித்தார்கள். மருந்து பட்ட இலை உதிர்ந்தது. இலையை மண்புழு தின்றது. மண்புழுவை ராபின் என்ற பறவை தின்றது. மரத்துக்கு அடித்த மருந்து பறவையைக் கொன்றது!

இரண்டாவது, ஏரி. கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்ற ஏரியில் கொசு போன்ற ஒரு சிறு பூச்சியை ஒழிக்க, டி.டி.டி.யின் தம்பி போன்ற டி.டி.டி. வகை மருந்தொன்றைக் கலந்தார்கள். 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு. மிகக் குறைவுதானே என்று தோன்றும். நீரிலுள்ள நுண்ணுயிரில் அது சேர்ந்தது. அதைத் தின்ற சிறு மீனில் கூடியது. சிறு மீனைத் தின்ற பெரிய மீனில் இன்னும் கூடியது. கடைசியில் மீன் கொத்தித் தின்னும் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. அவற்றின் கொழுப்பில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு விஷம் இருந்தது. இப்படிப்பட்ட மருந்து நீரில் எளிதில் கரைவதில்லை, எளிதில் அழிவதில்லை. கொழுப்பில் தங்கிப் படிப்படியாகச் சேர்கிறது. அதுதான் ஆபத்து.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார். அடிக்க அடிக்கப் பூச்சி மருந்துக்குப் பழகிவிடும். அது நம் நாட்டிலேயே பலித்தது. லட்சமாகக் குறைந்த மலேரியா 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டியது. கொசு மருந்துக்குச் சாகாமல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மருந்தே கூடாது என்று அவர் எழுதவில்லை. விளைவு தெரியாதவர்கள் கையில், கண்மூடித்தனமாக, விஷத்தைக் கொடுத்துவிட்டோம் என்றுதான் எழுதினார். பூச்சியைப் பூச்சியைக் கொண்டே அடக்கும் வழியையும் காட்டினார். 1888-ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவந்த செதிள் பூச்சியை, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பொறிவண்டு ஒழித்துக் கட்டியது. அந்தப் பொறிவண்டு பிற்பாடு நம் நீலகிரிக்கும் வந்து வேலை செய்தது.

கடைசிக் கோடை

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மருந்துக் கம்பெனிகள் பெரும் பணம் செலவிட்டு எதிர்ப் பிரசாரம் செய்தன. கல்யாணமாகாதவளுக்கு வருங்காலச் சந்ததியைப் பற்றி என்ன கவலை என்ற ஏளனமும் எழுந்தது. ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சையெல்லாம் அவர் தாங்கினார். 1963 மே 15-ல், ஜனாதிபதி கென்னடி அமைத்த விஞ்ஞானிகள் குழுவின் அறிக்கை வெளிவந்தது. ரேச்சல் சொன்னதை அது ஆதரித்தது. ஜூனில் செனட் சபைக் குழுவின் முன் அவரே போய்ச் சாட்சி சொன்னார்.

அந்தக் கோடைதான் தீவில் அவருக்குக் கடைசிக் கோடை. செப்டம்பரில் ஒரு காலை, டோரதியும் அவரும் தீவின் தென்முனையில் உட்கார்ந்திருந்தார்கள். மொனார்க் என்ற வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே பறந்துகொண்டிருந்தன. அவை திரும்பி வராது. அவற்றுக்கு அது கடைசிப் பயணம். அன்று பிற்பகலே ரேச்சல் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காட்சி நமக்குத் துக்கம் தரவில்லை. காலம் முடிந்து உயிர் விடைபெறுவது இயற்கை. என் முடிவையும் நீ அப்படியே எடுத்துக்கொள் என்று தேற்றினார். சாகப் போகிறவர் இருக்கப் போகிறவரைத் தேற்றிய கடிதம் அது.

1964 ஜனவரியில் டோரதியின் கணவர் திடீரென்று காலமானார். அதே ஏப்ரல் 14-ல் ரேச்சலும் மறைந்தார். வயது 56. அவருடைய சாம்பலில் ஒரு பகுதியை, அவர்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கரையிலேயே டோரதி கடலில் கரைத்தார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தபோது அதைப் பார்க்க டோரதி உயிரோடு இருந்தார். 1978-ல் அவரும் காலமானார். கடிதங்களை அவர் பேத்தி தொகுத்து 1995-ல் புத்தகமாக வெளியிட்டார்.

நம் வயலுக்கு வருவோம்

நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989-ல் நிறுத்தப்பட்டது. பி.எச்.சி. 1997-லும், எண்டோசல்பான் 2011-லும் தடையாயின. ஆனால் மருந்தின் பெயர் மாறினால் போதாது, பழக்கம் மாற வேண்டும்.

நெல்லில் புகையான் தாக்குதல் பெருகியதற்கு ஒரு காரணம், கண்டபடி மருந்தடித்துச் சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றதுதான். அவை புகையானைத் தின்று வாழ்பவை. இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. விளைச்சல் சரிந்துவிடவில்லை.

கோவை வட்டாரத்தில் 2008-ல் தலைகாட்டிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரியைப் பாழாக்கிய மாவுப்பூச்சியை எந்த மருந்தும் அடக்கவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு குளவி அடக்கியது. ரேச்சல் காட்டிய வழி இதுதான்.

ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

பம்பை எடுக்கும் முன் வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணிப் பாருங்கள். புகையான் ஒரு தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டும்வரை மருந்து வேண்டாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். மீதியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும்.

முதலில் வேப்பங்கொட்டைச் சாறு அடித்துப் பாருங்கள். 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

டப்பாவின் முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம். பச்சை குறைந்த விஷம். எதுவானாலும் விஷம் விஷமே. காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். பூத்திருக்கும் பயிரில் தேனீ வரும் காலை வேளையில் அடிக்காதீர்கள். அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று சீட்டில் போட்டிருக்கும். அதற்குள் காயைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள்.

மருந்தடிக்கும் நாளைப் பக்கத்து வயல்காரருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் வரப்பில் மாடு மேயலாம். அவர் வீட்டுப் பிள்ளை கீரை பறிக்கலாம். விமானத்தில் வந்த விஷம் வேலியைப் பார்க்கவில்லை. நம் பம்பிலிருந்து போவதும் வரப்பைப் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவிலும் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் ஒரு பெண் இருப்பார். படுத்த தாயாரையும், தாயில்லாப் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு நிலத்தையும் கவனிப்பார். ஊருக்குப் புதிதாக வந்தவராகவும் இருக்கலாம். டோரதி செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. 'வாருங்கள், மகிழ்ச்சி' என்று ஒரு வார்த்தை எழுதினார். தன் பேச்சைத் தோழி கேட்காதபோதும் கூடவே இருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம் வீட்டுப் பெண்களும் அடுத்த வீட்டு வாசலில் நின்று சொல்லலாமே!